கடலோரத்துப் பழைய பக்கியைத் துருவிலிருந்து மீட்பது

பிக்கப்பை இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எல்லோரும் பக்கி என்றுதான் சொல்கிறோம். சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு பழைய ஹைலக்ஸ், ஒரு இசுசு கேபி, இல்லாவிட்டால் 2008 வரை ராஸ்லினில் தயாரான நிசான் 1400 ஒன்று நின்றுகொண்டிருக்கும். எஞ்சின் இன்னும் 10 வருஷம் ஓடும், உடம்புதான் தாங்காது. வீட்டிலேயே அதைச் சரிசெய்ய நினைக்கிறவர்கள் முதலில் பெயின்ட் கடைக்குப் போகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. கடலோரப் பக்கியைத் துரு உள்ளிருந்து தின்னும். சேசிஸ் சட்டத்தின் உட்புறம், கதவுக்கு அடியில் ஓடும் சில் பெட்டி, கேபின் மூலைகள், கதவின் அடிமடிப்பு ஆகிய இடங்களில் உப்புச் சேறு படிந்து ஈரம் காயாமல் கிடக்கும். மேலே ஒரு கொப்புளம் தெரிகிற நேரத்தில் உள்ளே தகடு பாதிக்குமேல் போயிருக்கும். பெயின்ட் கடைசி வேலை. ஈரம் தங்கும் இடங்களைத் தேடித் திறந்து கழுவி உலர்த்துவதுதான் முக்கால்வாசி வேலை.

உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை பெய்து ஒரு வாரம் ஆனாலும் ப்ளஃப், இசிப்பிங்கோ, மீர்பேங்க் பக்கம் நிற்கும் வண்டியின் அடித்தகடு காலையில் நனைந்துதான் இருக்கும். அதனால்தான் விற்கிறவர்கள் ‘கௌடெங் வண்டி’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கௌடெங் கடலே இல்லாத உள்நாட்டு மாகாணம்; அங்கே ஜோகன்னஸ்பர்க்கில் ஓடிய பக்கியின் அடிப்பாகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் சொல்வதை நம்பாமல் குனிந்து பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால் கடைசி அரை மீட்டரில் சேற்றுக் கறை தெரியும். கதவுத் தட்டியைக் கழற்றினால் உள்ளே மெல்லிய வண்டல் படிந்திருக்கும்.

சோதிக்க ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு காந்தம், ஒரு டார்ச் போதும். நல்ல தகட்டைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்கும். அரித்துப்போனது ‘தொப்’ என்று அடங்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பிப் பூசும் ஃபில்லர், இருக்கிறது. முன் மட்கார்டின் பின்பகுதி கதவு ஓரத்தைச் சந்திக்கும் இடத்தில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சக்கரம் அடித்த மண் அங்கே ஒரு திட்டாக உட்கார்ந்திருக்கும். மிதியடியைத் தூக்கி ஓட்டுநர் காலடித் தகட்டைக் குத்திப் பாருங்கள். விண்ட்ஸ்கிரீன் ரப்பரின் கீழ் இரு மூலைகள், பேட்டரி தட்டு, கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய், கேபின் சேசிஸ் மேல் உட்காரும் மவுண்டுகள், லோட்பின்னின் (பின்னால் சாமான் ஏற்றும் பெட்டி) முன்சுவருக்கும் கேபினுக்கும் நடுவிலான இடுக்கு எதையும் விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் சட்டத்தில் மாட்டும் தாங்கிகளைச் சுற்றிய சேசிஸ். அங்கே ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், அந்தப் பக்கியை வாங்காமல் திரும்பி வருவது லாபம். பேரம் பேசிக் குறைக்கிற காசெல்லாம் அந்த ஒரு இடத்திலேயே போய்விடும்.

சேசிஸில் பொறித்த எண்ணைச் சுற்றி கிரைண்டர் போகக் கூடாது. கம்பி பிரஷால் கையால் தேய்த்து, எண் தெளிவாகத் தெரிய, மெல்லிய வார்னிஷ் பூசி விடுங்கள். எண் அழிந்த வண்டியோடு போலீஸ் கிளியரன்ஸுக்குப் போய் நிற்பது யாருக்கும் வரக்கூடாத அவஸ்தை. பெயர் மாற்றத்துக்கு ரோட்வொர்த்தி சான்று வேண்டும்; சேசிஸில் ஓட்டை இருந்தால் அதுவும் கிடைக்காது.

வேலைக்கு எது நல்ல மாதம் என்றால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. நம் கணக்கில் வைகாசி கடைசியில் தொடங்கி, புரட்டாசி விரதம் ஆரம்பிக்கும் முன் பெயின்ட் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மழையும் புழுக்கமும் ஏறிவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் ப்ரைமர் பூசாதீர்கள். தகட்டின் வெப்பம் பனி படியும் அளவைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். குளிர்காலத்திலும் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 3 மணிக்குப் பின்பும் தகடு வியர்க்கும். இன்னொன்று, பெர்க் காற்று. உள்நாட்டிலிருந்து வெந்து வரும் அந்தக் காற்று சேசிஸை உலர்த்த அருமையானது. பெயின்ட் அடிக்கத்தான் உதவாது. தின்னர் பறந்து பெயின்ட் மணல் மாதிரி சொரசொரப்பாகும். அது போதாதென்று அந்தக் காற்று நின்றதும் தென்மேற்கிலிருந்து குளிர்காற்றும் தூறலும் வந்து, காயாத பூச்சு வெளுத்துப்போகும். பெர்க் காற்று வீசுகிற அன்றைக்குக் கழுவும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லோட்பின்னை இறக்காமல் இந்த வேலையைச் செய்ய முயல வேண்டாம். ஹைலக்ஸ் போன்ற தனிச் சேசிஸ் வண்டிகளில் லோட்பின் சில போல்ட்டுகளில்தான் நிற்கிறது. நான்கு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். போல்ட்டுகள் இறுகியிருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையும் (ATF) அசிட்டோனையும் சரிபாதி கலந்து, மூன்று நாள் காலையும் மாலையும் விட்டால் பாதி போல்ட் அவிழும். அசிட்டோன் இருக்கும் இடத்தில் நெருப்பைக் கொண்டுவரக் கூடாது. சூடாக்க வேண்டிய போல்ட்டுக்கு அந்தக் கலவையே வேண்டாம். தலை உருண்டுபோனால் அறுத்துவிட்டு 8.8 தரத்தில் துத்தநாகம் பூசிய புது போல்ட் போடுங்கள். பழைய போல்ட்டைக் காப்பாற்றுவதில் ஒரு பெருமையும் இல்லை. பெட்ரோல் டாங்கையும் இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். காலி டாங்க்தான் ஆபத்து. உள்ளே ஆவி நிற்கும்.

அடுத்த கட்டத்தைப் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். துரு இரண்டே வருஷத்தில் திரும்பி வருவதற்கு அதுவே காரணம். துருவைச் சுரண்டும் முன் உப்பைக் கழுவ வேண்டும். உப்புத் துருக்குழிகளின் அடியில் ஒளிந்திருக்கிறது. அப்படியே கிரைண்டர் பிடித்தால் உப்பு பளபளப்பான தகட்டுக்குள் தேய்ந்து ஏறும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். மறுநாள் காலையில் அதே குழிகளில் பழுப்புப் புள்ளி பூத்திருக்கும். ஆகவே முதலில் தளர்ந்த செதிலைச் சுத்தியலாலும் ஸ்கிரேப்பராலும் உதிர்த்துவிட்டு, குழாய்நீரில் கழுவுங்கள். சேசிஸ் சட்டத்தின் முனை ஓட்டையில் ஹோஸைச் செருகி, மறுமுனையில் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். முதலில் வருவது தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும், கூடவே மணல், இலைச் சருகு, சில சமயம் ஒரு நட். காயவிட்டு மறுநாள் ஒரு முறை, அதற்கு அடுத்த நாள் இன்னொரு முறை. பிறகு ஒரு மேசை விசிறியைச் சட்டத்தின் வாயில் வைத்து இரண்டு நாள் ஓட்டுங்கள். சில் பெட்டிகளுக்கும் இதே முறைதான். வடிகால் துளை அடைபட்டிருந்தால் முதலில் ஒரு கம்பியால் குத்தித் திறக்க வேண்டும்.

சுரண்டுவதற்கு 115 மில்லிமீட்டர் கிரைண்டரும் முறுக்குக் கம்பி வட்டும் போதும். கம்பி வட்டு பெயின்ட்டையும் மேல்துருவையும் எடுக்கும். குழித்துருவை மெருகேற்றி மறைக்கவும் செய்யும். அங்கே 80 எண் ஃபிளாப் வட்டு வேண்டும். மென்தகட்டில் 40 எண்ணை வைத்தால் துருவோடு தகடும் போய்விடும். கண்ணாடி, முகத் தட்டு, தூசி மூக்குறை, கையுறை எல்லாம் கட்டாயம். வட்டிலிருந்து தெறிக்கும் கம்பி தொடையில் ஊசி மாதிரி ஏறும். பளிச்சென்ற தகட்டை வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் ரேகை அப்படியே துருவாக எழும்.

துருமாற்றி திரவங்களைப் பற்றி நிறைய மூடநம்பிக்கை இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம், டானிக் அமிலம் இரண்டும் மெல்லிய, இறுகிப் பிடித்த துருவில் மட்டும் வேலை செய்யும். செதிலின் மேல் பூசினால் மேல்தோல் கறுக்கும், உள்ளே துரு துருவாகவே இருக்கும். பாஸ்பாரிக் பூசிய இடத்தை நீரால் கழுவி நன்றாகக் காயவைக்காமல் எபாக்ஸி ப்ரைமர் அடித்தால் அது பிடிக்காமல் தோல் மாதிரி உரியும். கிரைண்டர் போகும் இடமெல்லாம் வெறும் தகடு வரை போய்விட்டு, போக முடியாத இடுக்குகளுக்கு மட்டும் துருமாற்றியை வைத்துக்கொள்வது நல்லது.

ஓட்டை விழுந்த தகட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஓட்டையைச் சுற்றி நல்ல தகடு வரும்வரை, அதாவது ஸ்க்ரூடிரைவர் குத்தியும் இறங்காத இடம்வரை வெட்டுங்கள். பயந்து சின்னதாக வெட்டினால் வெல்டிங் நெருப்பு பட்டதும் ஓரம் கரைந்துகொண்டே போகும். ஓட்டையைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். காலடித் தகட்டுக்கு 1 மில்லிமீட்டர், வெளிப்பலகைக்கு 0.8, சேசிஸுக்கு 3 மில்லிமீட்டர் தகடு. கால்வனைஸ் தகடாக இருந்தால் பற்றவைக்கும் ஓரத்தில் 25 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துத்தநாகத்தைத் தேய்த்து நீக்குங்கள். அந்த வெள்ளைப் புகையை முகர்ந்தால் ராத்திரி குளிர்சுரம் வரும்.

மென்தகட்டுக்கு மிக் (MIG) வெல்டரில், அதாவது கம்பி தானாக வெளியே வரும் வெல்டிங் மெஷினில், 0.6 மில்லிமீட்டர் கம்பியும் ஆர்கான், கார்பன் டை ஆக்ஸைடு கலந்த வாயுவும். வாயுவில்லாத கம்பி சூடு அதிகம். மென்தகட்டை ஓட்டை போடும். வீட்டு பிளக்கிலிருந்து எடுக்கும் எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லிமீட்டராவது இருக்கட்டும். அதை முழுவதும் விரித்து வைக்க வேண்டும், சுருட்டி வைத்தால் சூடேறி உருகும். பேட்டரியைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் இணைப்பையும். தகட்டுக்குப் பின்னால் ஒயரிங், கார்பெட், தார்ப் பட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் பொறி. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்பானும். வேலை முடிந்து அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். தீ பெரும்பாலும் நாம் டீ குடிக்கப் போன பிறகுதான் பிடிக்கிறது.

ஒட்டுத் தகட்டை ஒரே கோடாக இழுத்தால் அப்பளம் மாதிரி வளையும். 25 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, எதிர் மூலைக்குப் போய் ஒன்று, திரும்ப இங்கே ஒன்று என்று தாவித் தாவி வையுங்கள். கை வைத்தால் பொறுக்கும் சூடு வந்த பிறகே அடுத்த புள்ளி. சில் பெட்டியை வெட்டும் முன் கதவு வாயின் குறுக்கே ஒரு குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்து விடுங்கள். அது இல்லாமல் வெட்டினால் கேபின் சில மில்லிமீட்டர் தொய்யும், கதவு அதன் பிறகு சாத்தவே சாத்தாது. ஒன்றின் மேல் ஒன்று படியும் தகடுகளின் நடுவில் துத்தநாக வெல்டிங் ப்ரைமர் பூசியிருக்க வேண்டும். பிறகு அங்கே எட்டவே முடியாது.

சேசிஸ் வெல்டிங் வேறு விஷயம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் வெளிப்பலகையில் கற்றுக்கொள்ளலாம். சுமை தாங்கும் சட்டத்தில் வேண்டாம். துருவைச் சுத்தம் செய்து, தகட்டை வெட்டித் தயாராக்கி வைத்துவிட்டு, கைதேர்ந்த வெல்டரை ஒரு நாள் கூப்பிடுங்கள். தகட்டின் முனை செங்குத்தாக இல்லாமல் வைரக்கல் வடிவில் சரிந்திருக்க வேண்டும். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் பற்றவைத்தால், பாரம் ஏற்றிய அன்றைக்கு அந்தக் கோட்டோரம்தான் விரிசல் விடும்.

வெல்டிங் முடிந்த அன்றே ப்ரைமர் போட வேண்டும். இந்த ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் வெறும் தகட்டில் மஞ்சள் படரும். எண்ணெய் நீக்கியை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது பறக்கும் முன் வேறு உலர்ந்த துணியால் எடுங்கள். ஒரே துணியால் துடைப்பது எண்ணெயைப் பரப்புகிற வேலை. சேசிஸுக்கு இரண்டு பாக எபாக்ஸியைப் பிரஷால் பூசுவதே நல்லது. முதலில் தகட்டு ஓரங்கள், வெல்டிங் கோடுகள், போல்ட் துளைகள் மட்டும் ஒரு கை. காயும்போது பூச்சு ஓரங்களிலிருந்து பின்வாங்கி மெலிந்துவிடும் என்பதால் இது. பிறகு முழுதாக இரண்டு கை. சேசிஸுக்கும் கேபின் அடிக்கும் சேர்த்து 3 முதல் 4 லிட்டர் ஆகும். இரண்டாவது கைக்கான நேரம் டின்னில் எழுதியிருக்கும். அது தாண்டிவிட்டால் உப்புத்தாள் தேய்க்காமல் மேலே பூசக் கூடாது. ப்ரைமருக்கு மேல், தகடுகள் சேரும் கோடுகளிலெல்லாம் பாலியூரித்தேன் சீலன்ட். 310 மில்லி குழாய் மூன்று நான்கு வாங்கி வையுங்கள்.

மேல் நிறத்துக்கு ஹார்டனர் சேர்க்கும் இரண்டு பாக பெயின்ட்டை ஸ்ப்ரே செய்வதானால் சாதாரண மூக்குறை போதாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் எட்டத்தில் இருக்க வேண்டும். நெருக்கமான வீட்டுமனையில் இது நடக்காத காரியம். வெல்டிங்கும் ப்ரைமரும் வீட்டில் முடித்துவிட்டு, மேல் நிறத்தைப் பேனல் பீட்டரிடம் (வண்டி உடம்பு வேலை செய்கிறவர்) கொடுப்பதே புத்திசாலித்தனம். வேலைக்கு ஓடும் பக்கிதானே என்றால், சாதா எனாமலை நுரை உருளையால் மெல்லிசாக நான்கு கை உருட்டி, நடுவில் 600 எண் உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்தால் பத்தடி தள்ளி நின்று பார்க்க அழகாகவே இருக்கும்.

பட்டி தண்ணீரை உறிஞ்சும். வெறும் தகட்டில் பட்டி, அதன் மேல் பெயின்ட் என்பது பழைய வழக்கம். கடலோரத்தில் பட்டிக்கடியிலேயே துரு வளரும். எபாக்ஸி முதலில், அதைக் கீறிவிட்டு பட்டி, அதன் மேல் மறுபடி எபாக்ஸி. ஹார்டனர் எடையில் 2 சதவீதம், கனம் 3 மில்லிமீட்டருக்குள். ஓட்டைக்கு மேல் ஃபைபர் துணியும் பட்டியும் அப்பிக் கொடுப்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள்.

எல்லாம் காய்ந்தபின் உட்பெட்டிகளுக்குக் கேவிட்டி வாக்ஸ், அதாவது உள்ளே தெளிக்கும் மெழுகு. இந்த வேலையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் பெயின்ட்டை விட்டுவிட்டு இதை வாங்குங்கள். 3 லிட்டர் ஒரு சின்ன பக்கிக்குப் போதும். கம்ப்ரசரில் மாட்டும் துப்பாக்கியும், முனையில் நாலாபக்கமும் தெளிக்கும் ஒரு மீட்டர் நைலான் குழாயும் வேண்டும். வாக்ஸ் டின்னை வெந்நீரில் வைத்து இளக்கி, குழாயைப் பெட்டியின் கடைசிவரை உள்ளே விட்டு, மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே தெளியுங்கள். வடிகால் துளையில் சொட்டுச் சொட்டாக வாக்ஸ் வந்தால் அந்தப் பெட்டி நிறைவு. ஒரு மணி நேரம் கழித்து எல்லா வடிகால் துளைகளையும் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். வாக்ஸே அடைப்பாகிவிட்டால் உள்ளே குளம் கட்டும். குழாய் விடத் துளை போட்டிருந்தால் அதன் ஓரத்துக்குப் பெயின்ட், பிறகு ரப்பர் மூடி. வெல்டிங் பாக்கியிருந்தால் வாக்ஸ் அடிக்காதீர்கள், அது எரியும்.

அடிப்பாகத்துக்குப் பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், தோலுக்கு ஆகாது, முதல் மழையில் வழிந்து வாய்க்கால் வழியே கடலுக்குப் போகும். கெட்டியான தார்ப் பூச்சு அதைவிட மோசம். வருஷம் போகப் போகக் காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் உப்புநீர் ஏறி, பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் யாருக்கும் தெரியாமல் தின்னும். பழைய தார் இருந்தால் ஹீட்கன்னால் இளக்கிச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஆட்டுக்கம்பளிக் கொழுப்பில் செய்த லானோலின் பூச்சு. வருஷத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டும். பிரேக் டிஸ்க், டிரம், சைலன்சர் மூன்றையும் மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

லோட்பின்னில் அலுமினிய செக்கர் பிளேட்டை ரிவெட் அடித்து வைப்பது இங்கே ஒரு அழகு. அதைக் கழற்றிப் பார்த்தவர்கள் மறுபடி போடமாட்டார்கள். இரண்டு உலோகங்களுக்கு நடுவில் உப்புநீர் நின்று ஒவ்வொரு ரிவெட் துளையைச் சுற்றியும் ஒரு துருவட்டம் போட்டிருக்கும். ரப்பர் விரிப்பு போட்டாலும் வாரம் ஒரு முறை தூக்கிக் காயவைக்க வேண்டும். 80 எண் தாளால் கீறி, எபாக்ஸி போட்டு, அதன் மேல் பாலியூரித்தேன் பின்லைனர் பூசினால் இந்தத் தொல்லையே இல்லை. தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றுகிறவர்கள் கவனிக்க: பொட்டாஷ் உரமும் ஒருவகை உப்பே, மூட்டை கிழிந்தால் அன்றே கழுவ வேண்டும். சார்டின் (மத்தி மீன்) சீசனும் நாம் பெயின்ட் அடிக்கும் அதே ஜூன், ஜூலையில்தான் வருகிறது. மீன்கூடையிலிருந்து வடியும் நீர் லோட்பின்னின் முன்மூலையில் போய்த் தேங்கும் என்பதால், கூடை ஏற்றும் பக்கியை மூக்கு மேடாக, பின்கதவு தாழ்வாக நிறுத்துங்கள்.

கடற்கரைப் பக்கம் போய்வந்த அன்றைக்கு மேலே தண்ணீர் அடித்துப் பயனில்லை. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை வண்டிக்கு அடியில் தரையில் வைத்து, முன்சக்கரத்தருகே 10 நிமிஷம், நடுவில் 10 நிமிஷம், பின்சக்கரத்தருகே 10 நிமிஷம் ஓடவிட்டால் பிரஷர் வாஷரே வேண்டாம். கழுவிய வண்டியை மூடிய கராஜில் தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். காற்றோட்டமுள்ள கார்போர்ட்டில், சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். புல்லின் மேல் நிற்கும் பக்கிக்கு அடியிலிருந்து ராத்திரி முழுக்க ஈரம் ஏறிக்கொண்டிருக்கும்.